இரத்தக்குழாய் மென்தசைச் செல்களில் ஹார்மோன்கள் ஒன்றன் ஏற்பியை மற்றொன்று நெறிப்படுத்தும் முறை: ஆஞ்சியோடென்சின் ஏற்பியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு ஹார்மோனின் விளைவு, குருதியில் உள்ள அதன் அளவைப் பொறுத்தது என்பது பொதுவான புரிதல். அவ்விளைவு, இலக்குச் செல்லில் உள்ள ஏற்பிகளின் எண்ணிக்கையையும் அவற்றின் செயல்நிலையையும் பொறுத்தது என்பதும் அதே அளவு முதன்மையான உண்மையாகும். அந்த எண்ணிக்கையைத் தீர்மானிப்பதில் பிற ஹார்மோன்களுக்கும் பங்குண்டு. இரத்தக்குழாய் மென்தசைச் செல்களில் ஆஞ்சியோடென்சின்-2 என்னும் ஹார்மோனின் ஏ.டி.1 ஏற்பியை இன்சுலின், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், தைராய்டு ஹார்மோன், குளுக்கோகார்ட்டிக்காய்டுகள் ஆகியவை எவ்வாறு மிகுவிக்கின்றன அல்லது குறைக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இந்நெறிப்படுத்தல் பெரிதும் தூது ஆர்.என்.ஏ.வின் ஆயுளை மாற்றுவதன் வழியாக நிகழ்வதையும், இவ்வறிவைச் செல் வளர்ப்பிலிருந்து நோயாளிக்குக் கொண்டுசெல்லும்போது எழும் எல்லைகளையும் கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஆஞ்சியோடென்சின், ஏற்பி, மென்தசைச் செல், இன்சுலின், ஈஸ்ட்ரோஜன், தூது ஆர்.என்.ஏ., குருதி அழுத்தம்

முன்னுரை

1898ஆம் ஆண்டு சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ராபர்ட் டிகர்ஸ்டெட், பெர் பெர்க்மன் ஆகிய இருவரும் முயலின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த சாற்றை வேறு முயல்களுக்குச் செலுத்தியபோது அவற்றின் குருதி அழுத்தம் உயர்ந்தது. அச்சாற்றில் இருந்த பொருளுக்கு அவர்கள் ரெனின் எனப் பெயரிட்டனர். 1934இல் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியை இறுக்கி நிலையான உயர் குருதி அழுத்தத்தை உண்டாக்கிக் காட்டினார். ரெனின் தானே குழாயைச் சுருக்குவதில்லை; அது ஒரு புரதத்தை வெட்டிச் சுருக்கும் பொருள் ஒன்றை உருவாக்குகிறது என்பதை 1930களின் இறுதியில் புவெனஸ் ஐரஸ் நகரில் பிரவுன்-மெனெண்டெஸ் குழுவினரும், இண்டியானாபொலிஸ் நகரில் இர்வின் பேஜ் குழுவினரும் தனித்தனியே கண்டறிந்தனர். ஒரு குழு ‘ஹைபர்டென்சின்’ என்றும் மறு குழு ‘ஆஞ்சியோடோனின்’ என்றும் அதனை அழைத்தன. 1958இல் இரு பெயர்களின் பாதிகளையும் இணைத்து ‘ஆஞ்சியோடென்சின்’ என்னும் பெயர் ஏற்கப்பட்டது.

இவ்வரலாற்றின் முதல் அரை நூற்றாண்டு முழுவதும் ஆய்வாளர்களின் கவனம் ஹார்மோனின் மீதே இருந்தது. எவ்வளவு சுரக்கிறது, எங்கே சுரக்கிறது, எது அதனைத் தூண்டுகிறது என்பனவே வினாக்களாக இருந்தன. ஆனால் மருத்துவ அனுபவம் வேறொரு புதிரை முன்வைத்தது. ஒரே அளவு ஆஞ்சியோடென்சினைச் செலுத்தினாலும் ஒருவருக்கு அழுத்தம் மிகுதியாக உயர்கிறது. மற்றொருவருக்குச் சிறிதளவே உயர்கிறது. கருவுற்ற பெண்ணின் குருதியில் இவ்வமைப்பின் கூறுகள் மிகுந்திருந்தும் அவரது குருதி அழுத்தம் உயர்வதில்லை. அட்ரினல் சுரப்பி செயலிழந்த நோயாளிக்கு நார்அட்ரினலின் செலுத்தினாலும் இரத்தக்குழாய் போதிய அளவு சுருங்குவதில்லை. இவற்றுக்கெல்லாம் விடை ஹார்மோனின் அளவில் மட்டும் இல்லை. அதனைக் கேட்கும் செல்லிலும் தேட வேண்டியுள்ளது. அத்தேடலில் கிடைத்த செய்திகளைத் தொகுத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைச்சொற்கள் குறித்து

ஹார்மோன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இயக்குநீர் என்னும் வழக்கும், இலங்கைப் பாடநூல்களில் ஓமோன் என்னும் எழுத்துப்பெயர்ப்பும் உண்டு. தமிழ்நாட்டில் ஏற்பி எனப்படுவதை இலங்கையில் வாங்கி என்பர். இக்கட்டுரை ஹார்மோன், ஏற்பி என்னும் சொற்களைக் கையாள்கிறது. ஒரு ஹார்மோன் தன் சொந்த ஏற்பியின் அளவை மாற்றுவது ‘தன்வழி நெறிப்படுத்தல்’ எனவும், பிறிதொரு ஹார்மோனின் ஏற்பியை மாற்றுவது ‘பிறவழி நெறிப்படுத்தல்’ எனவும் இங்கே குறிக்கப்படுகின்றன. ஏற்பியின் எண்ணிக்கை கூடுவது ‘ஏற்பி மிகுதல்’ என்றும், குறைவது ‘ஏற்பி குறைதல்’ என்றும் வழங்கப்படும்.

1. மென்தசைச் செல்லும் குழாயின் விட்டமும்

தமனிகளின் சுவரில் நடு அடுக்காக அமைந்திருப்பவை மென்தசைச் செல்கள். இவை குழாயைச் சுற்றி வளையம்போல் அமைந்திருப்பதால், சுருங்கும்போது குழாயின் விட்டம் குறைகிறது, தளரும்போது விரிகிறது. சீரான ஓட்டத்தில் குழாயின் தடை அதன் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்பது புவாஸேயின் விதி. ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும். ஆரம் 20 விழுக்காடு மட்டுமே குறைந்தாலும் தடை ஏறத்தாழ 2.4 மடங்காகிறது. எனவே நுண்தமனிகளின் மென்தசையில் ஏற்படும் சிறு மாற்றமும் குருதி அழுத்தத்தில் பெரிதாக வெளிப்படும்.

ஆஞ்சியோடென்சின்-2 எட்டு அமினோ அமிலங்களால் ஆன சிறு பெப்டைடு. கல்லீரல் உருவாக்கும் ஆஞ்சியோடென்சினோஜன் என்னும் புரதத்தை ரெனின் வெட்டி, பத்து அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சின்-1ஐ உருவாக்குகிறது. அதிலிருந்து இரண்டு அமினோ அமிலங்களை ஆஞ்சியோடென்சின் மாற்று நொதி நீக்குகிறது. இவ்வாறு உருவாகும் ஆஞ்சியோடென்சின்-2 மென்தசைச் செல்லின் சவ்வில் உள்ள ஏ.டி.1 ஏற்பியுடன் இணைகிறது. சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்லும் இவ்வேற்பி 359 அமினோ அமிலங்களால் ஆனது. ஜி-புரதத்தின் வழியே செயற்படுவது. 1991இல் இதன் மரபணுக்குறி இரு குழுக்களால் வெளிக்கொணரப்பட்டது. அவற்றுள் ஒரு குழு பயன்படுத்தியது எலியின் இரத்தக்குழாய் மென்தசைச் செல்களையே என்பது இங்குக் கருதத்தக்கது.

ஹார்மோன் இணைந்ததும் பாஸ்போலிப்பேஸ்-சி என்னும் நொதி தூண்டப்பட்டு, செல்லின் உள்ளறைகளில் சேமிக்கப்பட்டுள்ள கால்சியம் வெளிப்படுகிறது. கால்சியம் கால்மோடுலின் என்னும் புரதத்துடன் சேர்ந்து மயோசின் இலகு சங்கிலி கைனேஸ் நொதியை இயக்க, தசை சுருங்குகிறது. நார்அட்ரினலினின் ஆல்பா-1 ஏற்பியும் வாசோபிரசினின் வி1ஏ ஏற்பியும் இதே பாதையைப் பயன்படுத்துகின்றன. மூன்று ஹார்மோன்கள் ஒரே பாதையில் வந்து சேர்வதால், ஒன்றின் ஏற்பியில் ஏற்படும் மாற்றம் செல்லின் மொத்தச் சுருக்கத்தையும் பாதிக்கிறது.

2. எண்ணிக்கையும் உணர்திறனும்

ஏற்பியின் எண்ணிக்கை கூடினால் என்ன மாறுகிறது என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு செல்லில் 10,000 ஏற்பிகள் இருப்பதாகவும், அவற்றுள் 1,000 ஏற்பிகளில் ஹார்மோன் இணைந்தாலே போதிய சுருக்கம் கிடைப்பதாகவும் கற்பனை செய்துகொள்வோம். அதாவது பத்து விழுக்காடு ஏற்பிகள் நிரம்ப வேண்டும். ஏற்பிகளுள் பாதி நிரம்புவதற்குத் தேவையான ஹார்மோன் செறிவு ஓர் அலகு எனக் கொண்டால், பத்து விழுக்காடு நிரம்ப ஒன்பதில் ஒரு பங்கு அலகு தேவை. இப்போது ஏற்பிகள் 20,000 ஆகப் பெருகுகின்றன. அதே 1,000 இணைப்புகளுக்கு ஐந்து விழுக்காடு நிரம்பினால் போதும். அதற்குத் தேவையான செறிவு பத்தொன்பதில் ஒரு பங்கு அலகு மட்டுமே. ஹார்மோனின் தேவை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

இக்கணக்கிலிருந்து ஒரு கருத்துப் பெறப்படுகிறது. தேவைக்கு மிகுதியாக ஏற்பிகள் உள்ள செல்லில் ஏற்பி மிகுதலால் உச்சச் சுருக்கம் பெரிதாக மாறுவதில்லை. குறைந்த அளவு ஹார்மோனுக்கே செல் மறுமொழி தருகிறது. குருதிப் பரிசோதனையில் ஹார்மோனின் அளவு இயல்பாக இருக்கும் ஒருவருக்கு அதன் விளைவு மட்டும் மிகுதியாக இருக்கக்கூடும் என்பதற்கு இதுவே அடிப்படை விளக்கமாகும்.

3. தன்வழி நெறிப்படுத்தல்

பிறவழி நெறிப்படுத்தலைப் புரிந்துகொள்ள, முதலில் தன்வழி நெறிப்படுத்தலை அறிதல் தேவை. வளர்ப்பில் உள்ள மென்தசைச் செல்களுக்கு ஆஞ்சியோடென்சின்-2ஐத் தொடர்ந்து அளித்தால் செல் இரண்டு கால அளவுகளில் தன்னைத் தற்காத்துக்கொள்கிறது.

முதலாவது, நிமிடங்களில் நிகழ்வது. ஏற்பியின் உட்புற வால் பகுதியில் பாஸ்பேட் தொகுதிகள் ஏற்றப்படுகின்றன. அரெஸ்டின் என்னும் புரதம் அங்கு வந்து இணைந்து, ஜி-புரதத்தை அணுகவிடாமல் தடுக்கிறது. பின்னர் ஏற்பி செல்லின் உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகிறது. இத்தகைய ஏற்பிகளின் செயற்பாட்டை வெளிக்கொணர்ந்த பணிக்காகவே ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா ஆகியோர் 2012இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

இரண்டாவது, மணிக்கணக்கில் நிகழ்வது. ஏற்பியை உருவாக்கும் தூது ஆர்.என்.ஏ.வின் அளவே குறைகிறது. அதனால் புதிய ஏற்பிகள் உருவாவது தளர்கிறது. ஹார்மோன் மிகுந்தால் ஏற்பி குறையும் என்பது எதிர்மறைப் பின்னூட்டத்தின் எளிய வடிவம்.

இந்த இரண்டாம் நிலையே பிறவழி நெறிப்படுத்தலின் களமாகவும் அமைகிறது. தூது ஆர்.என்.ஏ.வின் அளவை ஆஞ்சியோடென்சின் மட்டும் தீர்மானிப்பதில்லை. செல்லை வந்தடையும் பிற ஹார்மோன்களும் அதனை மாற்ற முடியும். அவற்றின் ஆணை எதிர்த்திசையில் அமையும்போது, தன்வழித் தற்காப்பு வலுவிழக்கிறது.

4. பிறவழி நெறிப்படுத்தல்

4.1 இன்சுலின்

உயர் குருதி அழுத்தமும் இன்சுலின் எதிர்ப்புநிலையும் ஒரே நோயாளியிடம் சேர்ந்து காணப்படுவது மருத்துவர்கள் நன்கறிந்த உண்மை. இன்சுலின் எதிர்ப்புநிலையில் கணையம் ஈடுசெய்ய முனைவதால், குருதியில் இன்சுலின் மிகுகிறது. எலியின் மென்தசைச் செல்களில் இன்சுலின் ஏ.டி.1 ஏற்பியின் எண்ணிக்கையை மிகுவிக்கிறது என்பது 1990களின் ஆய்வுகளில் வெளிப்பட்டது. மரபணுவிலிருந்து படியெடுக்கும் விரைவை உயர்த்துவதைவிட, ஏற்கெனவே படியெடுக்கப்பட்ட தூது ஆர்.என்.ஏ. சிதைவதைத் தாமதப்படுத்துவதன் வழியாகவே இம்மிகுதல் நிகழ்கிறது என்பதும் காட்டப்பட்டது.

இதன் மறுபக்கமும் உண்டு. மென்தசைச் செல்லில் ஆஞ்சியோடென்சின்-2 இன்சுலினின் செயலை மங்கச் செய்கிறது. இங்கே இன்சுலின் ஏற்பியின் எண்ணிக்கை மாறுவதைவிட, ஏற்பிக்கு அடுத்த படிநிலையில் உள்ள ஐ.ஆர்.எஸ்.-1 என்னும் புரதத்தின் செரின் அமினோ அமிலங்களில் பாஸ்பேட் ஏற்றப்படுவது முதன்மையானது. அதனால் இன்சுலினின் பாதைகளுள் குழாயைத் தளர்த்த உதவும் பாதை தடைபடுகிறது. செல் பெருக்கத்தைத் தூண்டும் பாதை பெரிதும் தடையின்றித் தொடர்கிறது.

இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தால் ஒரு நச்சுச் சுழற்சி புலனாகிறது. இன்சுலின் மிகுதியால் ஆஞ்சியோடென்சின் ஏற்பி மிகுகிறது. ஆஞ்சியோடென்சினின் செயல் மிகுவதால் இன்சுலினின் செயல் மங்குகிறது. அதனை ஈடுசெய்ய இன்சுலின் மேலும் மிகுகிறது. எதிர்மறைப் பின்னூட்டத்தால் சமநிலை காக்கும் தன்வழி நெறிப்படுத்தலுக்கு மாறாக, இங்கே இரு ஹார்மோன்கள் ஒன்றையொன்று சமநிலையிலிருந்து விலக்குகின்றன.

ஹார்மோன் அல்லாத பொருளும் இவ்வாறு செயற்படுவதுண்டு. அடர்த்தி குறைந்த கொழுப்புப் புரதம், அதாவது எல்.டி.எல்., மென்தசைச் செல்லில் ஏ.டி.1 ஏற்பியை மிகுவிக்கிறது. குருதிக் கொழுப்பு மிகுந்த ஆண்களுக்கு ஆஞ்சியோடென்சின்-2 செலுத்தியபோது பிறரைவிட அழுத்தம் மிகுதியாக உயர்ந்ததும், ஸ்டேட்டின் மருந்தளித்த பின் அம்மிகை குறைந்ததும் 1999இல் வெளியான ஆய்வில் பதிவாகியுள்ளன. உயிருள்ள மனிதரின் தமனியிலிருந்து மென்தசைச் செல்லை எளிதில் எடுக்க இயலாது என்பதால், அவ்வாய்வில் குருதித் தட்டுகளில் ஏற்பிகள் அளவிடப்பட்டன.

4.2 ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும்

கருப்பை அகம் நீக்கப்படாமல் கருவகம் மட்டும் அகற்றப்பட்ட எலிகளில், ஈஸ்ட்ரோஜன் இழப்பைத் தொடர்ந்து இரத்தக்குழாயின் ஏ.டி.1 ஏற்பி மிகுந்தது. ஈஸ்ட்ரோஜன் மீண்டும் அளிக்கப்பட்டபோது அது இயல்பு நிலைக்குத் திரும்பியது. வளர்ப்புச் செல்களிலும் ஈஸ்ட்ரோஜன் இவ்வேற்பியைக் குறைத்தது. இச்செயலில் நைட்ரிக் ஆக்சைடு இடைத்தரகராக விளங்குகிறது. ஏற்பியின் தூது ஆர்.என்.ஏ. விரைவில் சிதைகிறது. புரோஜெஸ்டிரோனோ வளர்ப்புச் செல்களில் இதற்கு எதிராகச் செயற்பட்டு ஏற்பியை மிகுவித்தது. ஒரே உடலில், ஒரே சுழற்சியில் சுரக்கும் இரு ஹார்மோன்கள் ஒரே தூது ஆர்.என்.ஏ.வை எதிரெதிர்த் திசைகளில் இழுப்பது குறிப்பிடத்தக்கது.

4.3 தைராய்டு ஹார்மோன்

தைராய்டு மிகைச் சுரப்பில் உடலின் மொத்த இரத்தக்குழாய்த் தடை குறைகிறது. குறைச் சுரப்பில் தடை உயர்ந்து, இதயம் விரியும்போதுள்ள அழுத்தம் மிகுவதுண்டு. வெப்ப உற்பத்தியும் நைட்ரிக் ஆக்சைடும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அவற்றுடன், டி3 என்னும் தைராய்டு ஹார்மோன் மென்தசைச் செல்லின் ஏ.டி.1 ஏற்பியைக் குறைக்கிறது என்பதும் 2003இல் காட்டப்பட்டது. குழாயின் தளர்ச்சிக்கு இதுவும் துணைநிற்கக்கூடும்.

4.4 குளுக்கோகார்ட்டிக்காய்டுகள்

அட்ரினல் சுரப்பி நீக்கப்பட்ட எலிகளின் நுண்குழாய்கள் நார்அட்ரினலினுக்கு மறுமொழி தரும் திறனை இழக்கின்றன என்பதையும், அட்ரினல் புறணியின் சாற்றை அளித்தால் அத்திறன் மீள்கிறது என்பதையும் ஃபிரிட்ஸ், லெவின் ஆகியோர் 1951இல் காட்டினர். புறணி ஹார்மோன் தானே குழாயைச் சுருக்குவதில்லை. பிறிதொரு ஹார்மோன் சுருக்குவதற்கு இடமளிக்கிறது. உடலியலில் இது ‘இசைவளிக்கும் செயல்’ எனப்படுகிறது.

இவ்விசைவின் மூலக்கூற்று அடிப்படை நாற்பதாண்டுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று. குளுக்கோகார்ட்டிக்காய்டுகள் மென்தசைச் செல்களில் ஆல்பா-1 ஏற்பியை மிகுவிக்கின்றன, எலியின் ஏ.டி.1 ஏற்பி மரபணுவின் முன்னியக்கப் பகுதியில் உள்ள பிணைப்பிடத்தின் வழியே அதன் படியெடுத்தலைத் தூண்டுகின்றன. வாசோபிரசினின் வி1ஏ ஏற்பியின் தூது ஆர்.என்.ஏ.வை நிலைப்படுத்துகின்றன. மூன்று சுருக்க ஹார்மோன்களின் ஏற்பிகளையும் ஒரே ஹார்மோன் மிகுவிக்கிறது. கார்ட்டிசால் மிகையால் தோன்றும் குஷிங் நோயில் குருதி அழுத்தம் உயர்வதும், கார்ட்டிசால் குன்றும் அடிசன் நோயில் அழுத்தம் தாழ்வதும் இதனோடு ஒத்துப்போகின்றன. எனினும் இந்நோய்களில் உப்பு, நீர்ச் சமநிலையின் பங்கும் பெரிது என்பதை மறத்தல் ஆகாது.

ஆஞ்சியோடென்சின்-2 நார்அட்ரினலினின் ஆல்பா-1 ஏற்பியை மிகுவிப்பதும் எலியின் பெருந்தமனி மென்தசைச் செல்களில் 1995இல் பதிவானது. தன் ஏற்பியைக் குறைத்துக்கொள்ளும் அதே ஹார்மோன் தன் துணை ஹார்மோனின் ஏற்பியைக் கூட்டுகிறது. ஆகவே, தன்வழி நெறிப்படுத்தலை மட்டும் நோக்கி, செல் சுருக்கத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்கிறது என முடிவுகட்ட இயலாது.

5. பொது வழிமுறை: தூது ஆர்.என்.ஏ.வின் வால்

மேற்கண்ட எடுத்துக்காட்டுகளில் ஓர் ஒற்றுமை தெரிகிறது. இன்சுலின், எல்.டி.எல்., ஈஸ்ட்ரோஜன், ஆஞ்சியோடென்சின் ஆகிய நான்கும் வெவ்வேறு வாயில்களில் செல்லை அடைகின்றன. ஆயினும் அவை ஏ.டி.1 ஏற்பியின் தூது ஆர்.என்.ஏ. எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை மாற்றுவதில் ஒன்றுபடுகின்றன.

தூது ஆர்.என்.ஏ.வில் புரதமாக மாறும் பகுதிக்குப் பின்னே, புரதமாக மாறாத ஒரு வால் பகுதி உண்டு. அவ்விடத்தில் வந்து பிணையும் புரதங்கள் தூது ஆர்.என்.ஏ.வைச் சிதைவிலிருந்து காக்கவோ சிதைவுக்கு உட்படுத்தவோ செய்கின்றன. கால்ரெட்டிகுலின் என்னும் புரதம் ஏ.டி.1 ஏற்பியின் தூது ஆர்.என்.ஏ.வுடன் இவ்வாறு பிணைவதாகக் கண்டறியப்பட்டுள்ளது. இதே வால் பகுதியில் 1166 என எண்ணிடப்பட்ட இடத்தில் மனிதரிடையே ஓர் எழுத்து வேறுபாடு காணப்படுகிறது. சிலரிடம் அடினின் இருக்குமிடத்தில் வேறு சிலரிடம் சைட்டோசின் உள்ளது. எம்.ஐ.ஆர்.-155 என்னும் குறு ஆர்.என்.ஏ. அடினின் உள்ள வடிவத்தில் நன்கு பிணைந்து ஏற்பி உருவாவதைக் குறைக்கிறது என்பதும், சைட்டோசின் உள்ள வடிவத்தில் அதன் பிடி தளர்கிறது என்பதும் 2007இல் காட்டப்பட்டன.

படியெடுத்தலைக் கட்டுப்படுத்துவதைவிட ஆயுளைக் கட்டுப்படுத்துவதில் செல்லுக்கு ஒரு வசதி உண்டு. தூது ஆர்.என்.ஏ. விரைவில் சிதையுமாயின், படியெடுக்கும் விரைவு மாறாதபோதும் அதன் அளவைச் சில மணி நேரத்தில் குறைத்துவிடலாம். பல ஹார்மோன்களின் ஆணைகளைக் கூட்டிக் கழித்து ஒரே விடையாகத் தரும் இடமாக இவ்வால் பகுதி அமைகிறது எனலாம்.

6. செல்லிலிருந்து நோயாளிக்கு

6.1 கருப்பகாலம்

1973இல் கேன்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், முதன்முறை கருவுற்ற பெண்களுக்குக் கருப்பகாலம் முழுவதும் ஆஞ்சியோடென்சின்-2 செலுத்தி, அழுத்தத்தை உயர்த்தத் தேவையான அளவு கணக்கிடப்பட்டது. நலமாக இருந்தோருக்குக் கருவுறாத நிலையைவிட மிகுந்த அளவு தேவைப்பட்டது. பின்னாளில் உயர் அழுத்தம் ஏற்பட்டோரிடம், நோய்க்குறிகள் தென்படுவதற்குப் பல வாரங்கள் முன்னரே இத்தாங்குதிறன் குறையத் தொடங்கியிருந்தது. நோய் வெளிப்படுமுன் இரத்தக்குழாயின் செவித்திறன் மாறிவிடுகிறது என்பதை மனிதரிடம் இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வுகள் சிலவே.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைக் குறைக்கிறது என்னும் செல் ஆய்வு இத்தாங்குதிறனோடு பொருந்துகிறது. ஆனால் கருப்பகாலத்தில் புரோஜெஸ்டிரோனும் மிகுதியாகவே உள்ளது. செல் வளர்ப்பில் அது ஏற்பியை மிகுவிக்கிறது. எனவே ஒரு ஹார்மோனைத் தனியே எடுத்து விளக்கம் தருவது நிறைவானதன்று. தன்வழிக் குறைதல், குழாயின் உட்படலம் வெளியிடும் புரோஸ்டாகிளாண்டின்கள், நைட்ரிக் ஆக்சைடு ஆகியவையும் சேர்ந்தே தாங்குதிறனை உருவாக்குகின்றன. முன்சூல்வலிப்பு உள்ள பெண்களின் குருதியில் ஏ.டி.1 ஏற்பியைத் தூண்டும் தன்னெதிர்ப்பொருள்கள் 1999இல் கண்டறியப்பட்டதும் இங்குச் சேர்த்து எண்ணத்தக்கது.

6.2 நச்சுக்குருதி அதிர்ச்சி

கடும் தொற்றால் அழுத்தம் வீழ்ந்து, நார்அட்ரினலினுக்கும் குழாய் மறுமொழி தராத நிலையில் ஹைட்ரோகார்ட்டிசோன் அளிக்கும் முறைக்கு, இசைவளிக்கும் செயலே உடலியல் அடிப்படைகளுள் ஒன்று. 2018இல் வெளியான அட்ரினல் என்னும் பெயருடைய ஆய்வில் 3,800 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். ஹைட்ரோகார்ட்டிசோன் பெற்றோரிடம் அதிர்ச்சி விரைவில் நீங்கியது. ஆனால் 90 நாள் இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரத்தக்குழாயின் மறுமொழியை மீட்பதும் உயிரை மீட்பதும் ஒன்றல்ல என்பதை இம்முடிவு உணர்த்துகிறது.

6.3 மாதவிடாய் நின்ற பின் ஹார்மோன் மருத்துவம்

செல், விலங்கு ஆய்வுகளும் கூர்நோக்கு ஆய்வுகளும் ஈஸ்ட்ரோஜன் இரத்தக்குழாயைக் காக்கும் எனச் சுட்டின. ஆனால் அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனையும் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோனையும் சேர்த்து அளித்துச் சோதித்த மகளிர் நல முன்முயற்சி ஆய்வின் ஒரு பிரிவு, 2002இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் மட்டுமன்றி, இதயத் தமனி நோயும் பக்கவாதமும் மருந்து பெற்றோரிடம் மிகுதியாக இருந்தன. பங்கேற்றோரின் சராசரி வயது 63. பலருக்கு மாதவிடாய் நின்று பல்லாண்டுகள் கடந்திருந்தன. அவர்களின் தமனிகள் இளம் எலியின் தமனிகள் அல்ல. ஈஸ்ட்ரோஜன் குருதி உறைதலையும் மாற்றுகிறது. உடன் அளிக்கப்பட்ட செயற்கைப் புரோஜெஸ்டினுக்கும் தனிச்செயல் உண்டு. ஏ.டி.1 ஏற்பியைக் குறைத்தல் என்னும் ஒரு நன்மையைக் கொண்டு நோயாளியின் மொத்த நலனைக் கணிக்க இயலாது என்பதற்கு இதனினும் வலிய சான்று தேவையில்லை.

7. ஆய்வு முறையின் எல்லைகள்

இத்துறையின் பெரும்பகுதிச் சான்றுகள் வளர்ப்புச் செல்களிலிருந்து பெறப்பட்டவை. தமனிச் சுவரில் சுருங்குவதையே தொழிலாகக் கொண்ட மென்தசைச் செல், வளர்ப்புத் தட்டில் வைக்கப்பட்டதும் சுருங்கும் புரதங்களை இழந்து பெருகத் தொடங்குகிறது. அப்போது அதன் ஏற்பித் தொகுதியும் மாறுகிறது. எலியில் ஏ.டி.1 ஏற்பிக்கு இரு மரபணுக்கள் உள்ளன. மனிதரிடம் ஒன்றே உள்ளது. சோதனைகளில் அளிக்கப்படும் ஹார்மோன் செறிவு பல வேளைகளில் குருதியில் உள்ளதைவிட மிகுதி. ஒரு ஹார்மோனைத் தனியே அளித்துப் பெறும் விடை, பல ஹார்மோன்கள் ஒருங்கே செயற்படும் உடலில் அவ்வாறே கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. இவ்வெல்லைகள் கண்டறியப்பட்டவற்றைப் பொய்யாக்குவதில்லை. அவை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை வரையறுக்கின்றன.

முடிவுரை

ஆஞ்சியோடென்சினின் செயலைக் குறைக்க மருத்துவம் முதலில் ஹார்மோனின் உற்பத்தியைத் தடுத்தது. பிரேசில் நாட்டுப் பாம்பின் நஞ்சில் கிடைத்த பெப்டைடுகளின் வழிகாட்டலில் உருவான கேப்டோப்ரில், 1981இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அடுத்து, ஏற்பியையே அடைக்கும் லோசார்டன் 1995இல் வந்தது. ஏற்பி எத்தனை இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் நெறிப்படுத்தல் மூன்றாவது வாயிலாக உள்ளது. குருதிக் கொழுப்பையோ இன்சுலின் எதிர்ப்புநிலையையோ குறைக்கும் மருத்துவம், அழுத்தத்தை நேரடியாகக் குறிவைக்காதபோதும், இவ்வாயிலின் வழியே இரத்தக்குழாயின் செவித்திறனை மாற்றக்கூடும்.

இக்கட்டுரையால் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

1. ஹார்மோனின் விளைவு அதன் அளவையும் ஏற்பியின் அளவையும் ஒருங்கே பொறுத்தது. ஒன்றை மட்டும் அளந்து மற்றொன்றை ஊகித்தல் பிழைக்கு இடந்தரும்.

2. தன்வழி நெறிப்படுத்தல் சமநிலையைக் காக்க முனைகிறது. பிறவழி நெறிப்படுத்தல், இன்சுலின், ஆஞ்சியோடென்சின் இணையில் காணப்படுவதுபோல், சமநிலையைக் குலைக்கவும் கூடும்.

3. ஏ.டி.1 ஏற்பியைப் பொறுத்தவரை, தூது ஆர்.என்.ஏ.வின் ஆயுளே பல ஹார்மோன்களின் ஆணைகள் சந்திக்கும் முதன்மையான இடமாகும்.

4. செல்லில் மெய்யான ஒரு வழிமுறை, நோயாளியிடம் நன்மையாக முடியும் என்பதை நோயாளிகளிடம் நிகழ்த்தும் ஆய்வே உறுதிசெய்ய இயலும்.

மனிதரின் இரத்தக்குழாய்ச் சுவரிலேயே, இயல்பான ஹார்மோன் சூழலில், ஏற்பிகளை அளவிடும் முறைகள் வளரும்போது, செல் ஆய்வுக்கும் மருத்துவத்துக்கும் இடையே இன்றுள்ள இடைவெளி குறையும். அவ்வழியில் மேலாய்வுகள் நிகழ்த்த இத்துறை இடமளிக்கிறது.